கழல மறுக்கும் ஆயில் ஃபில்டர்

காரின் ஆயில் ஃபில்டர் கழல மறுத்தால், மரை இறுகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மரையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அது எந்நேரமும் எண்ணெயில் ஊறிக் கிடப்பதால் துருப்பிடிக்க வழியில்லை. பிடித்துக்கொள்வது ஃபில்டரின் வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்தான். பட்டறையில் அதைக் கேஸ்கட் என்பார்கள்.

இந்த ஃபில்டர் மெல்லிய தகட்டில் செய்த டப்பா. திறந்த பக்கத்தில் கனமான இரும்புத் தட்டு, தட்டின் நடுவில் மரை வெட்டிய துளை, துளையைச் சுற்றிச் சிறு ஓட்டைகள், விளிம்பில் கேஸ்கட். எண்ணெய் சிறு ஓட்டைகள் வழியாக உள்ளே போய், மடிப்புத் தாளில் வடிந்து, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. நடுத்துளை, எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாயில் ஏறி உட்காரும். கார்களுக்கு ஆயில் ஃபில்டரை அமெரிக்கரான எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் 1923-இல் கொண்டுவந்தார். டப்பாவோடு திருகிக் கழற்றி எறியும் இன்றைய வடிவம் 1950-களில் வந்தது. கழற்றுவதை எளிதாக்கத்தான் அது வந்தது என்பது, காருக்கடியில் படுத்துத் திணறுகிறவருக்கு வேடிக்கையாக இருக்காது.

கேஸ்கட் ஒட்டிக்கொள்ள மூன்று காரணங்கள் உண்டு. எண்ணெய் தடவாமல் உலர்ந்த ரப்பரை மாட்டியிருந்தால், இறுக்கும்போதே அது முறுக்கிக்கொண்டு உலோகத்தைக் கவ்வுகிறது. கையால் இறுக்கவேண்டியதை ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தால் கவ்வல் இன்னும் கூடும். மூன்றாவது வெப்பம். மாதக்கணக்கில் நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் அழுந்திக் கிடக்கும் ரப்பர், எஞ்சின் முகப்போடு பசை போட்டதுபோலப் படிந்துவிடும். ஆகவே கழற்றும் நாளில் படுகிற பாட்டில் பாதி, மாட்டிய நாளில் சம்பாதித்தது.

அனுபவமுள்ள மெக்கானிக் கருவிப் பெட்டியை உடனே திறப்பதில்லை. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பார். வெதுவெதுப்பில் ரப்பர் இளகும். கொதிக்கும் எண்ணெய் முழங்கை வரை வழிந்து தோலை உரிக்கும் ஆபத்தும் இருக்காது. பிறகு பனியன் வேஸ்டால் டப்பாவின் எண்ணெய்ப் பிசுக்கை ஒரு துளி மிச்சமில்லாமல் துடைப்பார். வீட்டில் செய்கிறவர்கள் தவறவிடும் படி இதுதான். பிசுக்குள்ள டப்பாவில் எந்தக் கருவியும் வழுக்கும். துடைத்த டப்பாவைச் சுற்றி உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துப் பிடித்தால், வெறும் கைக்கே கழன்று வருவது உண்டு. பழைய சைக்கிள் டியூபின் ஒரு துண்டும் இதே வேலையைச் செய்யும். கழற்றும் திசையிலும் குழப்பம் நேரும். டப்பாவின் மூடிய அடியைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பவேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு கீழே தொங்கும் ஃபில்டரைத் திருப்புகிறவருக்குத் திசை மாறித் தெரியும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுவார்.

கை தோற்ற பிறகுதான் கருவி. எதை எடுப்பது என்பதை, டப்பாவைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. அடிப்பக்கம் திறந்திருந்து பக்கவாட்டில் இடம் இல்லையென்றால் கப் ஸ்பேனர் போலப் பொருத்தமானது வேறில்லை. டப்பாவின் அடியில் இருக்கும் பட்டைகளின் மீது தொப்பிபோல உட்காரும் கிண்ணம் அது. நடுவிலுள்ள சதுரத் துளையில் ராட்செட்டைச் செருகித் திருப்பவேண்டும். சிறிய கார் ஃபில்டர்கள் பலவற்றில் 14 பட்டைகளும் 65 அல்லது 67 மில்லிமீட்டர் அளவும் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தளர்வு போதும், கிண்ணம் வழுக்கிப் பட்டைகளை மழுக்கிவிடும். மழுங்கியபின் அந்தக் கருவிக்கு அங்கே வேலையில்லை. எண்களைக் கேட்டு வாங்குவதைவிட, மாட்டப்போகும் புது ஃபில்டரையே கடைக்கு எடுத்துப்போய்க் கிண்ணத்தில் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. ஆனால் கழற்றவேண்டிய பழையதும் அதே கம்பெனி ஃபில்டராக இருக்கவேண்டும். கம்பெனி மாறினால் பட்டைக் கணக்கும் மாறலாம்.

டப்பாவைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் மூன்று கால் ஸ்பேனர் போதும். நடுவிலுள்ள பற்சக்கரம் திரும்பத் திரும்ப மூன்று கால்களும் உள்நோக்கி மடங்கி டப்பாவைக் கவ்வும். எதிர்ப்பு கூடக் கூடப் பிடியும் கூடும் என்பது இதன் சாமர்த்தியம். ஒரே கருவி பல அளவு டப்பாக்களுக்குப் பொருந்தும். வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் இதைத்தான் வாங்கவேண்டும். மலிவான சரக்கில் கால்கள் ஆடும். கடையிலேயே ஆட்டிப் பார்த்துவிடலாம்.

பெல்ட் ஸ்பேனருக்கும் செயின் ஸ்பேனருக்கும் பக்கவாட்டில் கைப்பிடி வீசுமளவு இடம் தேவை. பெல்ட் டப்பாவை நசுக்காது, ஆனால் பிசுக்குப் பட்டால் சுழன்றுவிடும். செயின் வழுக்காது, ஆனால் தகட்டைப் பள்ளம் விழ நெருக்கும். இரண்டையும் எங்கே போடுவது என்பதில்தான் கைப்பழக்கம் தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த கையாள் கைக்கு எட்டுகிற இடமாக டப்பாவின் நடுவில் போடுவான். அங்கே உள்ளே தாளும் வெற்றிடமும்தான். தகடு அமுங்கும், கேஸ்கட் அசையாது. தேர்ந்தவர் இரும்புத் தட்டை ஒட்டி, எஞ்சினுக்கு மிக அருகில் போடுவார். அங்கே தகட்டுக்கு உள்ளிருந்து தட்டு முட்டுக்கொடுப்பதால், கொடுக்கிற விசை முழுதும் கேஸ்கட்டுக்கே போய்ச் சேரும்.

டப்பாவில் திருப்புளியை அடித்துச் செருகித் திருப்பும் வழி ஊரறிந்தது. பட்டறையில் அது கடைசிக் கை. செருகிய மறுகணம் எண்ணெய் பீச்சும். கேஸ்கட் அசையாமல் தகடு மட்டும் கிழிந்தால், எஞ்சினில் தட்டும் கையில் கந்தல் டப்பாவும் மிஞ்சும். பிறகு தட்டின் விளிம்பில் உளியை வைத்துச் சுத்தியலால் சிறுகச் சிறுகத் தட்டித் திருப்பவேண்டியதுதான். குத்தும்போது நடுவிலுள்ள மரைக்குழாயில் பட்டால் செலவு எஞ்சின் பக்கம் திரும்பும். எல்லாவற்றையும்விட, ஓட்டை போட்ட ஃபில்டரோடு எஞ்சினை இயக்க முடியாது. பட்டறைக்குக் காரைக் கட்டித்தான் இழுக்கவேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டு வாசலில் இதைத் தவிர்க்கவேண்டும்.

டப்பாவுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடிக்குள் தாள் ஃபில்டர் மட்டும் இருக்கும் எஞ்சின்களும் உண்டு. டொயோட்டாவின் அந்த வகை மூடிகள் பலவற்றுக்கு 64 மில்லிமீட்டரில் 14 பட்டைக் கப் ஸ்பேனர் பொருந்தும். இவற்றில் செயினோ மூன்று கால் ஸ்பேனரோ போடக்கூடாது. பிளாஸ்டிக் வெடித்தால் புது மூடி வாங்கவேண்டும். டப்பா வடிவ டீசல் ஃபில்டருக்கு மேலே சொன்ன கருவிகளே போதும். ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் கிளிப்பிலும் ஸ்குருவிலும் நிற்பவை. பொறுமை தவிர அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை.

கருவி எதுவானாலும் வண்டி ஜாக்கியின் மீது மட்டும் நிற்கும்போது யாரும் அடியில் நுழையக்கூடாது. ஸ்பேனரை உந்தும் உந்தலிலேயே வண்டி அசையும். ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம்.

ஃபில்டர் கழன்றதும் முதலில் பார்க்கவேண்டியது அதன் விளிம்பில் கேஸ்கட் இருக்கிறதா என்பதை. இல்லையென்றால் அது எஞ்சின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருத்த உலோகத்தில் கருத்த ரப்பர் கண்ணுக்குத் தெரியாது. விரலால் வட்டமாகத் தடவினால் மேடு தட்டும். அதன்மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு வளையங்களும் வழுக்கி விலகி, எண்ணெய் சில நிமிடங்களில் தரையில் கொட்டி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மரைக்குழாய் பழைய ஃபில்டரோடு சேர்ந்து வந்துவிட்டதா என்றும் பார்த்து, வந்திருந்தால் எஞ்சினில் திரும்ப இறுக்கவேண்டும்.

புதுக் கேஸ்கட்டில் விரலால் எண்ணெய் தடவி, அது முகப்பைத் தொடும்வரை கையால் திருகி, பிறகு பல ஃபில்டர்களின் மேலேயே அச்சிட்டிருப்பதுபோல முக்கால் சுற்று. தொட்ட இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் முக்கால் சுற்று எதுவரை என்று தடுமாற வேண்டாம். இந்த வேலைக்கு ஸ்பேனர் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு விளிம்பில் கசிகிறதா என்று பார்த்து, நிறுத்தி, எண்ணெய் அளவைச் சரிபார்க்கவேண்டும். பழைய ஃபில்டரை ஓட்டைப் பக்கம் கீழாக ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் உள்ளே தங்கிய எண்ணெயும் வடியும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அந்த எண்ணெய் அபாயகரக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.