செவலையின் சுழி

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுச் செவலை இறந்தது. சிப்பிப்பாறை இனம், 13 ஆண்டுகள் அப்பாவின் கட்டிலடியில் கிடந்த நாய். அப்பாவுக்குப் பார்வை மங்கி வெகுகாலமாயிற்று. செவலை போன பிறகும் அவருடைய வலது கை கட்டிலோரம் தொங்கி, வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. அதைக் காணப் பொறுக்காமல்தான் அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் அதன் சிற்றுருவைச் செய்யத் துணிந்தோம்.

பத்தில் ஒரு பங்கு அளவு. தோள்வரை 6 செ.மீ. உயரம். கம்பியை முறுக்கி எலும்புக்கூடு அமைத்தோம். அதன்மேல், ஒழுகும் குழாயை அடைக்கும் எம்சீல். பிசைந்தது இறுகுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், சிறிது சிறிதாகப் பிசைந்து தொடை, விலா, தோள் எனத் தனித்தனியே அப்பினோம். பிறகு ஊசியை நீரில் நனைத்து உடலெங்கும் ரோமம் கீறினோம். மூன்று இரவுகள் சென்றபின் பார்த்தால், நின்றது நாயன்று, முள்ளம்பன்றி.

பிழை கணக்கில் இருந்தது. ஊசியின் கீறல் கால் மில்லிமீட்டர்தான். ஆனால் சிற்றுருவை முழு நாயாக எண்ணிப் பார்க்கும் கண், கீறலையும் பத்து மடங்காக்கிவிடுகிறது. இரண்டரை மில்லிமீட்டர் தடித்த முடி எந்த நாய்க்கு உண்டு? சடை விலங்கென்றால் முடி கற்றையாகத் திரளும். அந்தக் கற்றையைச் செதுக்கிவிடலாம். குட்டை ரோமமோ தசையோடு ஒட்டிக் கிடப்பது. எனவே உப்புத்தாளால் அனைத்தையும் தேய்த்தோம். தொடையின் பின்விளிம்பிலும் வாலடியிலும் மட்டும் சில கீறல்களை விட்டுவைத்தோம்.

எஞ்சியதை வண்ணம் செய்ய வேண்டும். ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502இல் வரைந்த முயலின் அச்சுப்பிரதி ஒன்று எங்களிடம் இருந்தது. மூலம் வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது. அடியில் பழுப்பு நீர்வண்ணம். அதன்மேல் கறுத்தும் வெளுத்தும் நுண்கோடுகள், உடலின் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு திசையில். அதைப் பின்பற்றி, செம்மண் நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பலமுறை பூசினோம். மூன்றே மயிர் நிற்கும் தூரிகையால் தலையிலிருந்து வால்நோக்கி வெளிர்கோடுகள் இட்டோம். இம்முறை நாய் வந்துவிட்டது என்றே நம்பினோம்.

அப்பா வாங்கித் தடவினார். முதுகு, ஒட்டிய வயிறு, வால். பெருவிரல் நெஞ்சில் நின்றது.

"நெஞ்சுல ரெண்டு சுழி இருக்குமே, அது எங்கடா?"

சுழி பார்த்து மாடு பிடித்த கை அது. பழைய புகைப்படங்களைத் தேடினோம். ஒன்றில் செவலை மல்லாந்து கிடக்கிறது. நெஞ்சில் ரோமம் எதிரெதிராகத் திரும்பும் இரண்டு சுழிகள். 13 ஆண்டுகள் உடன் இருந்தும் நாங்கள் கண்டதில்லை. நாங்கள் செய்திருந்தது ஏதோ ஒரு சிப்பிப்பாறை நாய்; செவலையன்று.

நெஞ்சில் மெல்லிய எம்சீலை அப்பி, இரண்டு சுழிகளையும் ஆழமாகவே கீறினோம். அளவுக்குப் பொருந்தாது, கண்ணுக்கு உறுத்தும் என்று தெரிந்தே செய்தோம். பார்க்கப்போவது விரலல்லவா!

இப்போது அந்த இடத்தில் வண்ணம் தேய்ந்து எம்சீல் தெரிகிறது. நாங்கள் மறுபடி பூசவில்லை.