அழிக்காதே

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்க்கா" என்றாள் எதிர்வீட்டுப் பெண். திருவையாற்றில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளை. படங்களை வெளியிட்டுவிடுவேன் என்று மிரட்டி ஒருவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதுவும் அவள் போனில் இல்லை. "யார் கண்ணுலயாவது பட்டா மானம் போயிடும், முதல்ல அழி" என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வயதில் எனக்கு வந்த மிரட்டல் கடிதங்களை நானே அடுப்பில் போட்டிருக்கிறேன். அவன் செய்த குற்றத்தின் தடயத்தை நம் கையாலேயே அழிக்க வைக்கிறது நமக்குப் பழக்கிய வெட்கம்.

அவளுக்குப் பொள்ளாச்சி வழக்கைச் சொன்னேன். பெண்களை மிரட்ட அந்த ஆண்கள் எடுத்த வீடியோக்களே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயரதிகாரியே ஊடகங்களிடம் சொன்னதையும் நான் மறைக்கவில்லை.

தெரிந்த வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். "உன் போன்ல அழிச்சா அவன் போன்ல அழியாதும்மா. ஆனா ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதே, அசல் வேணும்" என்றார் அவர். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கேட்கிறது. அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு இருக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். கொள்முதல் நிலையத்தில் தைத்த நெல் மூட்டையைப் பிரித்தால் தையல் காட்டிக்கொடுக்குமே, அதுபோல.

நல்லவேளை, அழிப்பதற்கு முன் நான்கு குரல் பதிவுகளைத் தோழிக்கு அனுப்பியிருந்தாள். தோழி அவற்றை அப்படியே வைத்திருந்தாள்.

புகாரோடு இவள் போனையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. "என் போட்டோ, பீரியட்ஸ் தேதி எல்லாத்தையும் பாப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வழக்குக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும்படி மனுவில் எழுதினோம். போனைக் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கினோம். மிரட்டியவனின் போனைவிடப் புகார் கொடுத்தவளின் போனைத் துருவுவதில் அக்கறை காட்டும் விசாரணை, அடுத்து வரவேண்டிய பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

வீடு திரும்பியதும் அவள் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு போன்ல எல்லாம் பத்திரமா இருக்குல்ல?"