தரங்கம்பாடி: ரயில் தோற்கடித்த கோட்டை

1618இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறிய டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடி வரும் எண்ணமே இல்லை. கண்டி அரசருக்குக் கைகொடுத்து, இலங்கையில் கால் ஊன்றுவதுதான் திட்டம். முன்னால் வந்த ஒரு கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் பக்கம் அழித்துவிட, தப்பிப் பிழைத்த ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கரைச் சந்தித்தார். கண்டியில் காரியம் கைகூடாத தளபதி ஓவே கெட்டேயும் இந்தக் கரைக்கே வந்தார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. டேனிஷ் அரசருக்கு நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் எழுதி, தெலுங்கில் ஒப்பமிட்டு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

அப்படி எழும்பியதுதான் கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை. செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இது வியாபாரிகள் கட்டிய கோட்டை. கீழ்த்தளம் முழுக்கக் கிடங்குகள், வெடிமருந்தறை, சிறை. மேலே ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மேல்தளத்து நடுக்கூடத்தில் கொஞ்சம் நின்று அண்ணாந்து பாருங்கள். நான்கு குவிமாடங்களின் பாரத்தையும் நடுவில் ஒற்றைத் தூண் வாங்கிக்கொள்கிறது. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இங்கே இயங்குகிறது.

டேனிஷ்காரர்கள் வந்துதான் ஊர் உண்டாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சியதை வைத்து அண்மைக் காலத்தில் திருப்பணி செய்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் இழந்த உயிர்கள் நூற்றுக்கணக்கில். அதற்குப் பிறகுதான் கரையோரம் பாறைகளைக் கொட்டினார்கள்.

ஊருக்குள் நுழைய 1792இல் கட்டிய வெள்ளை வாயில் உண்டு. அதைத் தாண்டினால் ராஜ வீதி. 1706இல் வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு வாழ்ந்தது இந்த ஊரில்தான். அவரது அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 36 வயதில் இறந்துபோன அவரை, அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1718இல் திறந்த அந்த ஆலயத்தின் முகப்பில் டேனிஷ் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை இருக்கிறது.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். அதோடு ஊர் சாய்ந்துவிடவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடமே சில ஆண்டுகள் இங்கேதான் இருந்தது. ஆனால் 1860 வாக்கில் கலெக்டர் கச்சேரி தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் நாகைத் துறைமுகத்துக்குத் திரும்பியது. வண்டி கட்டித் தரங்கம்பாடிக்குச் சரக்கு கொண்டுவர யாருக்குத் தலையெழுத்து? ஆங்கிலேயர் இரண்டு முறை கைப்பற்றியபோதும் பிழைத்த ஊரைத் தண்டவாளம் சத்தமில்லாமல் முடித்துவைத்தது.

கடைசியில் இந்த ஊருக்கும் ரயில் வந்தது, காலம் கடந்து. 1926இல் மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். சுமார் 30 கிலோமீட்டர்; 60 ஆண்டுகள் ஓடி, 1986இல் நின்றது. அதை மீண்டும் போட்டுக் காரைக்கால் வரை நீட்டுங்கள் என்று டெல்டாக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நியாயமான கோரிக்கை. இப்போதைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிதம்பரம் – காரைக்கால் பேருந்துகள்தான் துணை.

திருக்கடையூருக்கு மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பந்தி முடிந்ததும் வேனை அப்படியே தரங்கம்பாடிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.