பட்டியலின் கடைசிக் கட்டம்



சென்ற ஆண்டு நோன்புக்கு முந்தைய வாரம், எங்கள் மதரசாவில் ஓதும் பிள்ளைகளின் குடும்பங்களுள் ஜகாத் பெறத் தகுதியானவர்களின் பட்டியலை நான் தயாரித்தேன். பெயர், முகவரி, ஆதார் எண், மாத வருமானம், கடன். கடைசிக் கட்டத்தில் ‘காரணம்’. யத்தீம், தலாக் ஆனவர், சிறுநீரக நோயாளி என்று அக்கட்டத்தை நிரப்பியவன் நானே. கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும் என்ற நிய்யத்தில் அக்கோப்பை மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு மாணவியின் தாயார் வந்து வாசலிலேயே நின்றார்.

“ஹஜ்ரத், வாப்பா சவூதியில் வேலை செய்கிறார் என்றுதான் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். நேற்று கூட ஓதும் பிள்ளைகள் அவளிடம் தலாக் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எங்களுக்கென எடுத்துவைத்த ஜகாத்தை வேறு யாருக்கேனும் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் கூறிச் சென்றார். குழுவிலிருந்து கோப்பை நீக்கினோம். ஆனால் அதற்குள் அது பலருடைய கைப்பேசிகளில் இறங்கியிருந்தது.

அனஸ் (ரலி) அவர்களின் சிறுபிராய நிகழ்ச்சியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். நபி (ஸல்) அவர்கள் ஓர் அலுவலாக அனுப்பியதால் வீட்டுக்குத் தாமதமாக வந்தவரிடம், என்ன அலுவல் என்று தாயார் வினவுகிறார். அது இரகசியம் என்கிறார் சிறுவர். அதை எவரிடமும் சொல்லாதே என்று தாயாரும் அறிவுறுத்துகிறார். அச்சிறுவர் காத்த அமானிதத்தை, ஆலிம்களிடம் ஓதிய நான் காக்கவில்லை.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே என்ற அல்பகரா 271ஆம் வசனத்தின் முற்பகுதியை எனக்குச் சாதகமாக நினைத்துப் பார்த்தேன். ஆனால் அங்கே வெளிப்படுவது கொடுப்பவரின் தர்மம்; வாங்குபவரின் வறுமையன்று. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதே வசனம் மேலும் சிறந்தது என்கிறது.

நாட்டின் சட்டமும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். சொன்ன நோக்கத்திற்குத் தேவையானதை மட்டுமே வாங்க வேண்டும். நோக்கம் முடிந்தால் அழிக்க வேண்டும். 18 வயது நிறையாதவரின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தக்க பாதுகாப்பின்றித் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். காகிதப் பதிவேட்டிலேயே இருக்கும் விவரத்தை இச்சட்டம் தொடாது. மறுமையின் விசாரணைக்கு அந்த வேறுபாடு ஏது?

பெயரில்லாத கணக்கை யார் நம்புவார் என்று முத்தவல்லி கேட்டார். நியாயமான கேள்விதான். இப்போது மஹல்லாவுக்கு வெளியிடுவது மொத்தத் தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் மட்டுமே. பெயர்கள் அடங்கிய பதிவேட்டை ஜமாஅத் நியமித்த இருவர் சரிபார்த்துக் கையொப்பமிடுகின்றனர். ‘காரணம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். ஆதார் நகல் கேட்பதையும் நிறுத்தினோம். அதுவரை ஏன் கேட்டு வந்தோம் என்பதற்கு எங்களில் எவரிடமும் விடையில்லை.

அம்மாணவி வேறொரு மதரசாவில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய படிவமும் ஆதார் நகலும் எங்கள் அலமாரியிலேயே கிடந்தன. பெருநாள் கழிந்த பின் அவற்றை உறையிலிட்டு எடுத்துச்சென்று தாயாரிடம் ஒப்படைத்தேன். அவர் உறையைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தார்.