மூஞ்சில லைட் அடிக்காதே

அப்பா எங்களோடு ப்ளேனோவில் தங்கியிருந்த ஐந்தாவது வாரம் அந்தப் பார்சல் வந்தது. நான் மீட்டிங்கில் இருந்தேன். அப்பாதான் வாசலிலிருந்து எடுத்துவந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டார்ச் லைட்டா தம்பி? இத்துனூண்டு இருக்கு?" என்றார். "ஆமாப்பா" என்றேன். அது பொய் இல்லை. கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே மாட்டுகிற டார்ச் என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னிடம் துப்பாக்கி இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஹெச்1பி விசாவில் இருந்தவரை சட்டம் என்னை அனுமதிக்கவில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை. கிரீன் கார்டு வந்தபிறகு கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது, சிக் சாவர் பி365-ஐக் கையில் கொடுத்துவிட்டார்கள். அரைக் கிலோ எடை, உள்ளங்கை அகலம். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயது ஆன, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே அதை இடுப்பில் மறைத்து எடுத்துப்போகலாம். நான் வகுப்புக்குப் போய் லைசென்ஸும் வாங்கினேன். பரீட்சை எழுதிப் பழகிய ரத்தம்.

ஏன் வாங்கினேன்? பின்தெருவில் ஓர் இந்தியக் குடும்பம் கோயிலுக்குப் போன நேரத்தில் வீட்டை உடைத்து நகைகளை எடுத்துப்போனார்கள். என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். இரண்டு காரணமும் உண்மைதான். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் 'பாதுகாப்பு' என்று சொல்லிக்கொண்டேன்.

துப்பாக்கி வாங்கியவனுக்கு அடுத்து வருகிற கேள்வி லைட். வகுப்பில் சொல்லித்தருகிற அடிப்படை விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல் முனையைக் காட்டாதே. சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வை. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நான்காவது விதிக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் ஆள் யாரென்று தெரியாமல் சுடுகிறவன், விதிப்படி மட்டுமில்லை, எந்தப்படியும் தப்புதான். ஆகவே லைட்.

மென்பொருள்காரன் என்ன செய்வான்? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-6: 100 லூமென், கூடவே சிவப்பு லேசர். ஷ்யூர்ஃபயர் எக்ஸ்எஸ்சி: 350 லூமென், 2000 கேண்டெலா, கழற்றிச் சார்ஜ் போடுகிற குட்டி பேட்டரி, இலகுவானது, விலை மட்டும் கனமானது. ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7 சப்: 500 லூமென், 5000 கேண்டெலா, ஒரே ஒரு சிஆர்123ஏ பேட்டரியில் ஒன்றரை மணிநேரம்.

விளம்பரங்கள் லூமெனைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. அது மொத்த வெளிச்சத்தின் அளவு. நம் வீடுகளில் எரிந்த 60 வாட் குண்டு பல்பே சுமார் 800 லூமென் தரும், ஆனால் எல்லாப் பக்கமும் சிதறும். கேண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் வெளிச்சம் லக்ஸில் கிடைக்கும். எங்கள் வீட்டு நடையின் நீளம் 5 மீட்டர். 2000-ஐ 25-ஆல் வகுத்தால் 80 லக்ஸ், 5000-ஐ வகுத்தால் 200 லக்ஸ். கும்மிருட்டில் பழகிய கண்ணுக்கு 200 லக்ஸில் ஒரு முகம் பட்டப்பகல் போலத் தெரியும். டிஎல்ஆர்-7 சப் ஜெயித்தது.

எல்லாத் துப்பாக்கிக்கும் எல்லா லைட்டும் பொருந்தாது. பெரிய துப்பாக்கிகளில் பொதுவான தண்டவாளம் போன்ற அமைப்பு இருக்கும். இந்தச் சின்ன ரகங்களில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கிறது. அதே டிஎல்ஆர்-7 சப்பில் பி365-க்கு ஒரு மாடல், கிளாக் 43எக்ஸுக்கு வேறு மாடல். லைட் மாட்டினால் பழைய உறை உதவாது. லைட்டோடு சேர்த்துக் கவ்வுகிற வேறு உறை வாங்க வேண்டும். அந்த உறை விசையை முழுக்க மூடுகிறதா என்று பார்க்க வேண்டும், வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப்போகிற சாமான் அது. இதையெல்லாம் மூன்று வாரம் படித்தேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் பதினோரு பத்திகள் இருந்தன.

பன்னிரண்டாவதாக ஒரு பத்தி போட்டிருக்க வேண்டும்: எந்த விரலால் சுவிட்சை அமுக்கப்போகிறாய்?

இதே ப்ளேனோவில், 2010-ல், ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கி வெடித்து ஓர் ஆள் செத்துப்போனார். சுட நினைக்கவில்லை, லைட் சுவிட்சைத்தான் அமுக்கப் போனேன் என்றார் அந்தப் போலீஸ்காரர். அவருடைய சுவிட்ச் விசைக் காப்புக்குக் கீழே, பிடியின் முன்பக்கம் இருந்த வகை. நான் வாங்கியது வேறு வகை, சுவிட்ச் லைட்டின் பின்பக்கம், விசைக்கு முன்னால் இருந்தது. இடது கட்டைவிரலால் அமுக்க வேண்டும். ஆனால் சின்னத் துப்பாக்கியில் சுட்டுவிரலுக்கும் அது எட்டும். எட்டுகிற விரல் அவசரத்தில் போய்விடும்.

மாட்டி எட்டு நாள் ஆகியிருந்தது. மனைவி ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். ராத்திரி மூன்று மணி சுமாருக்கு ஏதோ உலோகம் விழுந்து உருளும் சத்தம். கட்டிலருகே கைரேகை வைத்தால் திறக்கிற பெட்டி. திறந்தேன், எடுத்தேன், நடைக்கு வந்தேன். அப்பா வீட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தோசை வார்த்துக் கொடுத்ததே நான்தான். ஆனால் அந்த நேரத்தில் மூளை அந்தக் கணக்கைப் போடவில்லை. மூன்று வாரமாக 'அவன்' வருவதைப் பற்றியே படித்திருக்கிறேன். ஆகவே வந்தது அவன்தான்.

அடுக்களை வாசலில் ஓர் உருவம். சுவிட்சை அமுக்கினேன்.

வேட்டி. வெற்று மார்பு. கையில் சொம்பு. அப்பா இன்னொரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏய், மூஞ்சில லைட் அடிக்காதடா! தாத்தா உனக்கு எத்தனை வாட்டி சொல்லிருக்காரு?"

அவருக்குத் துப்பாக்கி தெரியவில்லை. 5000 கேண்டெலா கண்ணில் அடித்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அந்த லைட்டின் பெருமைகளில் அதையும் ஒன்றாகச் சொல்வார்கள். கையைக் கீழே இறக்கி, லைட்டை அணைத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "சாரிப்பா" என்றேன். "மூடி கீழ விழுந்துருச்சு. தூங்குற புள்ளய எழுப்ப வேணாம்னுதான் லைட்டே போடல" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குண்டுகளை வெளியே எடுத்தேன். கை நடுங்கியதில் ஒன்று தரையில் உருண்டது. எந்த விரலால் சுவிட்சை அமுக்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. இப்போதும் நினைவில்லை.

நான்காவது விதியைக் காப்பாற்ற வாங்கிய லைட், இரண்டாவது விதியை உடைக்க வைத்தது. வெளிச்சமும் குழலும் ஒரே பக்கம் பார்க்கின்றன. யாரென்று பார்க்கத் திருப்பினால் துப்பாக்கியும் சேர்ந்து திரும்புகிறது. இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. குழலைத் தரைக்குக் காட்டிப் பிடித்தால் சிதறும் வெளிச்சத்திலேயே அறை தெரியும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள், வெள்ளைச் சுவர் வீட்டில் அது சரிதான். இரண்டு கையும் துப்பாக்கியில் இருப்பது நல்லது என்பதும் சரிதான். பழகியவர்களுக்கு அது கைவரும். நான் எட்டு நாள் பழகியவன். எங்கள் சுவர்களோ அரை அங்குல ஜிப்சம் அட்டை. 9 எம்எம் குண்டு அதைச் சுவராகவே மதிக்காது.

தாத்தா சொன்னது என்ன? ஊரில் ராத்திரியில்தான் மும்முனைக் கரண்ட் வரும். மூணு கட்டை டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போவார், நானும் பின்னாலேயே ஓடுவேன். வெளிச்சம் எப்போதும் காலடியில் இருக்கும், பாம்புக்காக. எதிரில் ஆள் வந்தால் லைட்டைத் தூக்க மாட்டார். "யாரு அது?" என்று முதலில் குரல் கொடுப்பார். "நான்தாங்க மாமா" என்று பதில் வரும். பதில் வராவிட்டால்தான் லைட் மேலே போகும். ஒருதடவை நான் விளையாட்டாக ஒருவர் முகத்தில் அடித்தேன். டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். "மனுசன் மூஞ்சில அடிக்கிறது என்ன பழக்கம்? வாயில்லையா ஒனக்கு?"

வாய் இருந்தது. அன்றைக்கு ராத்திரி "யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "நாந்தாண்டா" என்று அப்பா சொல்லியிருப்பார். அதற்கு லூமென் தேவையில்லை. பதினோரு பத்தி ஸ்ப்ரெட்ஷீட்டில் அது எங்கேயும் இல்லை.

லைட்டைக் கழற்றிவிட்டேன். பழைய உறைக்கே திரும்பினேன். துப்பாக்கியைக் கைவிட்டேன் என்று முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் கைவிடவில்லை. அதைப் பற்றி இன்னும் எனக்கும் மனைவிக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது சட்டைப் பையில் கையில் பிடிக்கிற ஒரு சின்ன டார்ச் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில், வீட்டு நடையில், அதுதான் முதலில் வருகிறது. நடையில் காலடி உயரத்தில் ஆள் அசைந்தால் எரிகிற இரண்டு விளக்குகள் மாட்டினேன், இரண்டும் சேர்த்து முப்பது டாலர்கூட ஆகவில்லை. யாராவது என்னிடம் எந்த லைட் வாங்கலாம் என்று கேட்டால் மாடல் பெயர் சொல்வதற்கு முன்னால், உன் வீட்டில் ராத்திரி எழுந்து நடமாடுகிறவர்கள் யார் யார் என்று கேட்கிறேன்.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். "அன்னிக்கு அடிச்சியே ஒரு டார்ச்சு, கண்ணு அவிஞ்சு போற மாதிரி. அது ஒண்ணு வாங்கிக் குடேன், கொட்டகைக்குப் போவ ஆவும்" என்றார். கையில் பிடிக்கிற டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கி எரித்துப் பார்த்தார். "அது இது இல்லியே" என்றார்.

"அது ரிப்பேர்ப்பா" என்றேன்.