பஞ்சிகாவத்தையிலிருந்து முறிகண்டி வரை

கொழும்பு மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பஞ்சிகாவத்தை வந்துவிடும். சிங்கள நாடக மேடைக்குப் பேர்போன டவர் மண்டபம் 1911ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது இவ்வீதியில்தான். ஆயினும் இன்று பஞ்சிகாவத்தை என்றதும் நாடகம் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வாகன உதிரிப்பாகங்களே நினைவுக்கு வருகின்றன. வீதியின் இரு மருங்கிலும் கடைகள். கடைகளுக்கு உள்ளே இடமில்லாமையால் பாதி வியாபாரம் நடைபாதையில் நடக்கிறது. கதவுகள், கண்ணாடிகள், சக்கரங்கள், பெற்றோல் தாங்கிகள் எல்லாம் கறிவேப்பிலைக் கட்டுகள் போலத் தொங்குகின்றன. காரை இங்கே நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தப் போன ஒருவர், திரும்பி வந்து தமது காரின் கண்ணாடியையே பேரம் பேசி வாங்கிச் சென்றாராம் என்று கொழும்பிலே ஒரு வேடிக்கைக் கதை உலவுகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். எமக்கு அங்கே எவ்வித நட்டமும் நேரவில்லை, ஒரு சிறு தவறைத் தவிர. அந்தத் தவறும் எம்முடையதே.

நாம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி அவ்வளவு தூரம் சென்றது ஒரு வேகமானிக்காக. எமது தந்தையார் 1979ஆம் ஆண்டில் வாங்கிய ஹொண்டா 125 மோட்டார்ச் சைக்கிள் இன்றும் எம்மிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்திலே குறையில்லை. வேகமானிக்குத்தான் முதுமை வந்துவிட்டது. கண்ணாடியின் உட்புறம் புகை படர்ந்தது. முள்ளானது இருபதுக்கும் அறுபதுக்கும் இடையே வெட்டுக்கிளி போலத் துள்ளியது. கடைசியாக, ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களும் 61,874 என்ற இடத்திலே நின்றுபோயின.

கொக்குவிலில் எமக்கு வாகனம் திருத்தித் தரும் அண்ணை முதலில் கேபிளைக் கழற்றிக் கிறீஸ் பூசினார். பின்னர் புதுக் கேபிளே போட்டுப் பார்த்தார். முள் துள்ளுவது நிற்கவில்லை. "தம்பி, இது கேபிளின்ரை பிழை இல்லை. மீற்றருக்கு உள்ளுக்கைதான் தேய்ஞ்சு போச்சு. வேறை ஒண்டு பாருங்கோ" என்று கூறிவிட்டார்.

மாணவ வாசகர்களுக்காக அந்தக் கருவியின் உள்ளமைப்பைச் சற்றே கூறுவோம். முன்சக்கரத்தின் குடத்திலே ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது கேபிளின் உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியைச் சுழற்றுகிறது. கம்பியின் மறுமுனை மீற்றருக்குள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம்; இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்திலே மின்சுழல்கள் உண்டாகி அதனையும் தம்மோடு இழுக்க முயல்கின்றன. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த இழுபறி எங்கே சமப்படுகிறதோ அங்கே முள் நிற்கும். தூரம் காட்டும் எண் சக்கரங்களுக்கோ இந்தக் காந்த விளையாட்டு இல்லை; அவை பற்சக்கரங்களால் நேரே ஓட்டப்படுபவை. ஆகையால், முள் பொய் சொன்னாலும் எண்கள் உண்மை சொல்லும்.

அந்த எண்களில்தான் எமக்குச் சங்கடம் இருந்தது. தந்தையார் எரிபொருள் ஊற்றும் போதெல்லாம் மீற்றர் எண்ணை ஒரு கொப்பியிலே குறித்து வைப்பவர். 1990க்குப் பின் எரிபொருள் தடை வந்தபோது அக்கொப்பியில் 'பெற்றோல்' என்ற சொல் மறைந்து 'மண்ணெண்ணெய்' என்ற சொல் வருகிறது. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிப் பக்கத்தில் எரிபொருள் எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு எண்கள் மாத்திரம் உள்ளன. அவற்றின் வித்தியாசம் 19. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்த நாள் அது. நாவற்குழிப் பாலத்திலே நெருங்கி நின்ற ஜனத்திரளில் வாகனம் ஓட்ட இடமுமில்லை, ஓட்ட எண்ணெயுமில்லை. ஆச்சியைப் பின்னாசனத்தில் இருத்தி, சாவகச்சேரி வரை தந்தையார் தள்ளிக்கொண்டே சென்றார். கேபிள் முன்சக்கரத்தோடு பிணைந்திருந்தபடியால், இயந்திரம் உறங்கினாலும் மீற்றர் உறங்கவில்லை. அந்தப் 19 கிலோமீற்றரும் 61,874க்குள்ளே அடக்கம்.

இந்த நினைவோடுதான் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையின் முன்னே, பழைய மீற்றரைத் துணியிலே சுற்றிக்கொண்டு நின்றோம். கடைக்காரர் வயது முதிர்ந்த முஸ்லிம் அன்பர். அவரை எல்லாரும் 'நானா' என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். பின்சுவரிலே நூறு வேகமானிகள் நூறு கண்கள் போல எம்மை நோக்கின.

நானா முதலில் எடுத்துக் காட்டியது, விபத்துக்குள்ளான ஒரு ஹொண்டாவிலிருந்து கழற்றிய அசல் மீற்றர். பொருத்தமோ கச்சிதம். ஆனால் அதன் முகப்பிலே 23 ஆயிரத்துச் சொச்சம் நின்றது. எவரோ ஒருவர் எங்கெங்கோ சென்று வந்த தூரம்! அதனை எமது கைபிடியிலே பூட்டிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அடுத்து, எண்களாகவே வேகத்தைக் காட்டும் மின்திரை மீற்றர் ஒன்றைக் காட்டினார். நல்ல பொருள்தான், எனினும் 1979இன் வண்டியில் அது பாட்டனார் தலையில் பேரனின் தொப்பி போலிருக்கும். மூன்றாவதாக வந்தது, புதிதாகச் செய்யப்பட்ட முள் மீற்றர். கருமுகப்பு, வெள்ளை எழுத்து, வெள்ளி விளிம்பு. பார்வைக்குப் பழையதன் தம்பி. அதையே கேட்டோம்.

நானா ஒரு சிறு திருகாணிச் சாவியைக் கையிலெடுத்து, "எவ்வளவு ஓடினதா வைக்கோணும்? சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல வைச்சுத் தாரேன்" என்றார். சற்றுத் திகைத்தோம். பழைய வண்டி விற்போர் எண்களைப் பின்னோக்கித் திருப்புவதை அறிவோம்; அவ்வாறன்றி 61,874 என்று உண்மையையே வைக்கச் சொன்னால் என்ன என்ற ஆசை ஒரு கணம் எழுந்தது. ஆயினும், அந்தத் தூரத்தை எண்ணியது இந்தக் கருவி அல்லவே. "சைபரிலேயே இருக்கட்டும் நானா" என்றோம். அவர் சிரித்துக்கொண்டு சாவியை உள்ளே வைத்தார்.

கொக்குவில் திரும்பியதும் அண்ணை வேலையைத் தொடங்கினார். கேபிளின் மூடிமரை நல்லவேளையாகப் பொருந்தியது. தாங்கியின் துளைகள் பொருந்தவில்லை. தகரம் வெட்டி வேறு தாங்கி செய்து, அதிர்வு தாங்க இறப்பர் வளையமும் இட்டார். இரவிலே விளக்கைப் போட்டபோது முகப்பு மின்மினி போல மங்கித் தெரிந்தது. எமது வண்டி 6 வோல்ட், புது மீற்றரின் சிறுவிளக்கோ 12 வோல்ட். விளக்கை மாற்றியதும் அந்தக் குறை நீங்கிற்று.

மறுநாள் மருமகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பரிசோதனைக்குப் புறப்பட்டோம். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட ஏ9 பாதை 321 கிலோமீற்றர் நீளமுடையது. கணக்குக் கண்டியிலே தொடங்குவதால், எம்மூரிலிருந்து தெற்கே போகும்போது கற்களிலுள்ள எண்கள் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டு வரும். வேகமானியைச் சோதிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நாவற்குழிப் பாலம் கடந்த பின் ஒரு கல்லைத் தொடக்கமாகக் கொண்டோம். மருமகன் கற்களை உரக்க எண்ணினான். மீற்றர் 35 காட்டிக்கொண்டிருந்தபோது துவிச்சக்கரவண்டியில் வந்த பாடசாலை மாணவன் ஒருவன் எம்மை முந்திச் சென்றான். அப்போதே ஐயம் பிறந்தது. பத்துக் கல் முடிந்ததும் மீற்றரைப் பார்த்தோம். ஓடியது 14 கிலோமீற்றர் என்றது!

வீதியோரப் பூவரச மரத்தின் கீழே வண்டியை நிறுத்தி யோசித்தோம். "மாமா, பழைய மீற்றரிலை ஏதோ பொடி எழுத்து இருந்ததே" என்றான் மருமகன். வீட்டுக்கு விரைந்து துணியை அவிழ்த்துப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு 1400 சுற்று என்று பழைய முகப்பிலே அச்சிட்டிருந்தது. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர். எனவே ஒரு கிலோமீற்றருக்குக் கேபிள் 1400 தடவை சுழல்கிறது. புது முகப்பின் அடியிலோ 1000 என்று இருந்தது. ஆயிரம் சுற்றுக்கு ஒரு கிலோமீற்றர் என்று எண்ணப் பழகிய கருவிக்கு நாம் 1400 சுற்றுக் கொடுத்தால் அது 1.4 என்றுதானே சொல்லும்? முள்ளும் அதே கணக்கிலே மிகைப்படுத்தியது. 35 என்றது உண்மையில் 25. கருவியிலே பிழை இல்லை. முகப்பின் அழகைப் பார்த்தோமேயன்றி அடியெழுத்தைப் பார்க்கவில்லை. அன்று கடையிலே 61,874ஐ வைக்கச் சொல்லியிருந்தால், அந்த எண்ணும் பத்துக்கு நாலாகப் பொய்யிலே வளர்ந்திருக்கும்.

மறுபடியும் ரயில், மறுபடியும் மருதானை. நானா கோபிக்கவில்லை. "நீங்க கேக்கல்ல, நானும் பாக்கல்ல" என்று கூறி, 1400 என்று குறித்த ஒன்றைத் தேடியெடுத்து மாற்றித் தந்தார். இம்முறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தே வாங்கினோம்.

இரண்டாம் பரிசோதனையை முறிகண்டி வரை நீட்டினோம். புதுப் பொருள் பூட்டிய வாகனம் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிக்காமல் இருக்கலாமா? பத்துக் கல்லுக்கு மீற்றர் பத்தே காட்டியது. மருமகன் தனது கைத்தொலைபேசியிலே வேகம் பார்த்து, முள் இரண்டு மூன்று கூடுதலாகச் சொல்கிறது என்றான். அது குற்றமன்று. வேகமானி கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லலாகாது என்பது ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் விதியும் ஆகும்.

ஆனையிறவிலே உப்புக்காற்று இருபுறமும் வீசியது. பழைய மீற்றரின் உள்ளே புகை படர்ந்ததற்கு இந்தக் காற்றும் காரணமாயிருக்கலாம். வண்டி காற்றிலே சற்றுத் தள்ளாடினாலும் முள் அசையாமல் ஐம்பதிலே நின்றது. பல ஆண்டுகளாக நாம் காணாத காட்சி. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வழக்கப்படி கச்சானும் வாங்கிக் கொறித்துவிட்டுத் திரும்பினோம்.

மாலை மங்கும் நேரம் நாவற்குழிப் பாலத்தை அடைந்தபோது மருமகன் நிறுத்தச் சொன்னான். கையோடு கொண்டுவந்த தந்தையாரின் கொப்பியை எடுத்தான். 61,874 என்ற கடைசி எண்ணின் கீழே ஒரு கோடு கீறி, அன்றைய திகதியையும் 'புது மீற்றர்' என்ற சொற்களையும் எழுதினான். பின்பு முகப்பைக் குனிந்து பார்த்து, 150 என்று குறித்தான்.