இரண்டு முடிவுகள்

சீட்டாட்டம் என்றதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அதில் நியாயமும் உண்டு. தருமன் நாடிழந்ததும் நளன் காடேகியதும் சூதினால்தான். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே சட்டமியற்றித் தடுத்தது. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் விடுதி அறையில் நடப்பது வெறும் புளியங்கொட்டை ஆட்டம். தோற்றவனுக்குப் போவதும் கொட்டை. வென்றவனுக்கு மிஞ்சுவதும் கொட்டை. ஆனால் புள்ளியியல் மாணவனாகிய எனக்கு அந்த ஆட்டம் ஒரு பாடம் சொல்லித் தந்தது. அதைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாங்கள் ஆடுவது அமெரிக்க நாட்டுப் போக்கர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். மேசையில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம். பெருந்தொகை மேசைகளில் ஒருவன் தன்னிடமுள்ள அத்தனையையும் ஒரே கையில் வைத்துவிடலாம். சிறுவரம்பு மேசையில் அது நடவாது. முதல் இரண்டு சுற்றுகளில் 2, பின்னிரண்டில் 4 என்று பந்தய அளவு கட்டுப்பட்டிருக்கும். எங்கள் அறையிலும் அதுவே சட்டம்.

இப்போது ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். உங்கள் கையில் இரண்டு ஆட்டின். மேசையில் விழுந்த மூன்றில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஓரினமாகி வலுவான கை, வராவிட்டால் வெறுங்கை. எதிரே ஒருவன் 2 கொட்டை வைத்துவிட்டான். நீங்களும் 2 வைத்து அடுத்த சீட்டைப் பார்ப்பதா, அல்லது சீட்டை மடித்துவிடுவதா?

"மனசு என்ன சொல்லுது?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான். மனத்தைக் கேட்க வேண்டியதில்லை; எண்ணினால் போதும். 52-இல் நீங்கள் கண்டவை 5, காணாதவை 47. அவற்றுள் ஆட்டின் 9; மற்றவை 38. அதாவது ஒருமுறை வரும் வாய்ப்புக்கு ஏறத்தாழ 4.2 முறை வராத வாய்ப்பு. நடுவில் குவிந்திருப்பது நீங்கள் வைக்க வேண்டியதைப் போல் 4.2 மடங்குக்கு மேல் இருந்தால் வைக்கலாம்; குறைந்தால் மடிக்கலாம்.

ஐந்து பேர் ஆளுக்கு 2 வைத்து வந்திருக்கிறார்கள். இந்தச் சுற்றில் மூவர் 2 வைத்துவிட்டார்கள் என்றால் நடுவில் 16. நீங்கள் வைப்பது 2. எட்டு மடங்கு! தயங்காமல் வைக்கலாம். ஆனால் எதிரி ஒருவனே என்றால் நடுவில் இருப்பது 4-உம் 2-உம் சேர்ந்து 6. மூன்று மடங்குதான். அந்த ஒரு சீட்டை மட்டும் கருதினால் அதே கையை மடிப்பதே அறிவு. இதுபோல் 5, 6, 8, 9 இருந்து நடுவே 7 மட்டும் வர வேண்டியிருந்தால் உதவும் சீட்டு 4, உதவாதவை 43. இதற்கு 10.75 மடங்கு வேண்டும். 16 குவிந்திருந்தாலும் போதாது. "ரெண்டே ரெண்டு கொட்டைதானே" என்று ஒவ்வொரு முறையும் வைப்பவனின் டப்பா விடிவதற்குள் காலியாவதன் இரகசியம் இதுவே.

முடியாத ஆட்டத்துக்கு விலை சொல்லலாம் என்பது பழைய செய்தி. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் தழைத்தது.

கணக்குப்படி மடித்தவன் முன்னே அடுத்த சீட்டு அந்த 7-ஆகவே வந்து விழும். அறையே சிரிக்கும். "மடிச்சது தப்பு, பாத்தியா?" என்பார்கள். இல்லை, நண்பர்களே! அவன் எடுத்த முடிவு சரி. வந்த முடிவுதான் வேறு. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதாலோ என்னவோ, விளைவைக் கண்டபின்தான் தீர்மானத்துக்கு மதிப்பெண் போடுகிறோம்.

இதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். அண்ணன் மூன்றாண்டுகளாக அரசுப் பணித் தேர்வு எழுதி வருகிறார். சென்ற முறை சில மதிப்பெண்களில் தவறியது. அவ்வேளையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கர் வேலை வந்தது. "மூணு வருஷம் படிச்சது வீணாப் போயிடுமேப்பா" என்று அம்மா அழுதார். "இன்னும் எத்தனை நாள்?" என்று அப்பா கேட்டார். நான் அண்ணனிடம் சீட்டுக் கணக்கைச் சொன்னேன். ஆட்டத்தில் முன்பு வைத்த கொட்டை நம்முடையதல்லவென்றாலும் நடுவிலாவது கிடக்கிறது. வென்றால் கைக்கு வரும். போன மூன்றாண்டு எங்கும் கிடக்கவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, இனி கொடுக்க வேண்டியது என்ன, கிடைக்கக்கூடியது என்ன, வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் பார்ப்போம் என்றேன்.

அண்ணன் என்னைவிடக் கெட்டிக்காரர். "சீட்டுக்கட்டுக்கு நம்ம உழைப்பு தெரியாதுடா தம்பி, பரீட்சைக்குத் தெரியும்" என்றார். ஆலை வேலையை ஏற்றுக்கொண்டு, இரவில் படித்து, இன்னும் ஒரே முறை எழுதுவது என்று தீர்மானித்தார். சீட்டைப் பார்க்கும் விலையையே குறைத்துக்கொண்டார்! மாதம் பிறந்தால் வீட்டுக்குச் சம்பளம் வருகிறது. அம்மா இரவில் அவருக்குக் காப்பி போட்டுத் தருகிறார்.

தேர்வு எழுதியாயிற்று. இக்கட்டுரை அச்சேறும்வரை முடிவு வரவில்லை. அது எப்படி வந்தாலும், அண்ணன் எடுத்த முடிவு சரியென்றே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.